தட்டைத் தனியே வைக்காதீர்கள்: வேலூர் மாவட்ட மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அன்புள்ள அக்கா தங்கைகளே, வணக்கம்.

1986-இல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, குடியாத்தம் சுற்றுப்பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் மடியில் கிடத்திப் பிடித்துக்கொள்ள, உங்கள் பிள்ளைகளின் தொடையில் முதல் ஊசி போட்டிருக்கிறேன். நர்சம்மா என்று கூப்பிட்டு மோர் கொடுத்தீர்களே, அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாளுக்கு 58 வயது. முப்பது வருடம் பீடி சுற்றியவர். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் வாசல் பக்கம் போயிற்று. தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு சொம்பு, ஒரு டம்ளர். மூன்றும் பளிச்சென்று துலக்கி வெயிலில் கவிழ்க்கப்பட்டிருந்தன. தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அவர் பெயர்தான். கல்யாணத்தின்போது தாய்வீட்டில் கொடுத்த சீர்த் தட்டு. இத்தனை வருடமும் வீட்டார் தட்டுகளோடு ஒன்றாக அடுக்கில் கிடந்தது. இப்போது பெயரைப் பார்த்துப் பிரித்து வெளியே வைத்திருக்கிறார்கள்.

மருமகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து வாரம் அவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கி அலைந்தவள் அந்தப் பெண்தான். வாந்தி எடுத்தபோது முதுகைத் தடவிக்கொடுத்தவளும் அவள்தான். கேட்டேன். "இது கிருமியால் வந்த புற்றுநோய் என்று டாக்டரே சொன்னார் நர்சம்மா. கைக்குழந்தை இருக்கிற வீடு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

டாக்டர் சொன்னது உண்மை. அவள் வீட்டுக்கு எடுத்து வந்தது அதில் பாதி. மீதிப் பாதியை அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டிய எங்களைப் போன்றவர்கள் சொல்லாமல் விட்டோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதை உங்கள் வாரக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். புற்றுநோய் போகாது. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவின் வழியாக, தோலோடு தோல் படுவதால் வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரண்டு ஆண்டில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் கருப்பையின் வாய்ப் பகுதியில் தங்கிவிடுகிறது. அங்குள்ள திசுக்களை மெல்ல மெல்ல மாற்றி, பதினைந்து இருபது ஆண்டு கழித்துப் புற்றாக்குகிறது. அப்படியானால் அந்த அம்மாளுக்கு வைரஸ் எப்போது வந்திருக்கும்? அந்த மருமகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் வந்திருக்கும். அது தட்டில் வராது, டம்ளரில் வராது, ஒரே பாயில் படுத்தாலும் பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாலும் வராது. வெளியிலிருந்து மெஷினில் வைக்கிற கரண்டும் உடம்பில் தங்கி மற்றவர் மேல் பாயாது.

தனித்தட்டுப் பழக்கம் மூடத்தனத்தில் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரியம்மை ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில், வாசலில் வேப்பிலை செருகி, அம்மை வார்த்தவரைத் தனியே வைத்து, அவர் துணியையும் பாத்திரத்தையும் தனியாக வைத்ததில் அர்த்தம் இருந்தது. ஊசி அந்த நோயை ஒழித்துவிட்டது. இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று 1977-இல் அறிவித்தார்கள். நோய் போன பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1986-இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் ரயிலில் நம் வேலூருக்கு வந்து, சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டில் எத்தனை வீட்டு வாசலில் எத்தனை தனித்தட்டுகளைப் பார்த்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அந்தப் பெண்களில் பலருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எங்களுக்கே அப்போது தோன்றவில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. தட்டைப் பிரிப்பதில் காட்டிய அக்கறையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதில் காட்டியிருந்தால் சிலராவது இன்று உயிரோடு இருந்திருப்பார்கள். இந்த நினைப்பு என்னை விடுவதில்லை.

இன்னொன்று. திண்ணையில் படுத்திருந்த அந்த அம்மாள், மருமகள் உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒருத்தனோடுதானே வாழ்ந்தேன்? இப்படிப்பட்ட நோய் ஏன் எனக்கு வந்தது?" தெருவில் யாரோ ஏதோ பேசியிருக்கிறார்கள். அது அவர் காதில் விழுந்திருக்கிறது.

அக்கா தங்கைகளே, இந்த வைரஸ் வர ஒரே ஒருவர் போதும். அந்த ஒருவர் தாலி கட்டிய கணவராகவே இருக்கலாம். அவருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. எப்போது எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியாது. உடலுறவு கொள்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்துபோகிறது. ஆகவே இதை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க வழியே இல்லை. கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு யார் வீட்டிலும் சண்டை கிளம்ப வேண்டாம்.

பழி சுமத்துகிற இந்தப் பழக்கம் என் வீட்டிலும் புகுந்தது. என் அண்ணன் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டியவர். 47 வயதில் ஈரல் புற்றுநோயில் போனார். டீக்கடைக்குக்கூடப் போகாத மனிதர். ஆனால் ஈரல் கெட்டுச் செத்தார் என்றால் ஊர் என்ன சொல்லும்? "மறைவாகக் குடித்திருப்பான்" என்றது. அண்ணி அந்தப் பேச்சுக்குப் பயந்து பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட யாரையும் சரியாக அழைக்கவில்லை. அவர் ரத்தத்தில் இருந்தது ஹெபடைடிஸ் பி வைரஸ். சின்ன வயதிலேயே வந்து தங்கியிருக்கும் என்றார் டாக்டர்.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வந்தால், 100 குழந்தைகளில் 90 பேருக்கு அது ஈரலிலேயே தங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் 100-இல் ஐந்து பேருக்குள்தான் தங்கும். தங்கியவர்களுக்கு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கண் மஞ்சளாகாது, சோறு கசக்காது. உள்ளே ஈரல் இறுகிக்கொண்டே போய், சிலருக்குப் புற்றாகிறது. ரத்தம், ஒரே ஊசி, ஒரே சவரக் கத்தி, திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்திக்கொள்வது, உடலுறவு ஆகியவைதான் அது பரவும் மற்ற வழிகள். கண்ணாடி ஊசிக்குழாய்க் காலத்தில் ஊர் ஊராக ஒரே ஊசியால் எத்தனை பேருக்குக் குத்தியிருப்பார்கள்! பாத்திரத்துத் தண்ணீர் சரியாகக் கொதிக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத கைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்களே கேட்பீர்கள். மஞ்சள் காமாலை என்றால் மோரில் அரைத்துக் கொடுக்கிறோம், சரியாகிறது. உண்மைதான். தண்ணீராலும் உணவாலும் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். பி வைரஸ் வேறு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, நம்பிக்கை தரும் முடிவை லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. நம் மூலிகையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை செய்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொண்ட பிறகு எதை வேண்டுமானாலும் அரையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணன் போன பிறகு அண்ணியையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். சின்னவனுக்கு இருந்தது. தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கிறான். தறியும் ஓட்டுகிறான். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் இந்த மாத்திரை இலவசம். அந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாருக் பிளம்பர்க்கின் பிறந்தநாள் ஜூலை 28. அதனால்தான் உலகமே அந்த நாளை ஹெபடைடிஸ் தினமாக வைத்திருக்கிறது.

புற்றுநோய் எல்லாமே கிருமியால் வருவதில்லை. மார்பகப் புற்றுக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. வாய்ப்புற்றுக்குப் புகையிலையே பெரும் காரணம். உலகம் முழுவதும் 2018-இல் புதிதாக வந்த புற்றுநோய்களில் கிருமிகளால் வந்தவை சுமார் 22 லட்சம், அதாவது 100-க்கு 13. வயிற்றுப் புற்றுக்குக் காரணமான ஒரு பாக்டீரியா, கருப்பைவாய்க்கு ஹெச்.பி.வி., ஈரலுக்கு பி, சி வைரஸ்கள் ஆகிய நான்கும்தான் இதில் பெரும் பங்கு. இதைப் படித்தால் பயம் வர வேண்டியதில்லை. காரணம் இன்னதென்று தெரிந்த நோயை வாசலிலேயே நிறுத்தலாம். மார்பகப் புற்று வராமல் தடுக்க நம்மிடம் ஊசி இல்லை. கருப்பைவாய், ஈரல் என்ற இந்த இரண்டுக்கும் இருக்கிறது. தைவானில் 1984-இல் பி வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986-இலிருந்து பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அங்கே குழந்தைகளின் ஈரல் புற்றுநோயே குறைந்துபோயிற்று. நம் அரசு மருத்துவமனைகளிலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போடுகிறார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "பி ஊசி போட்டாயிற்றா?" மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி நம் பெண்பிள்ளைகளுக்கான ஊசிக்கு வருகிறேன். கருப்பைவாய்ப் புற்றுகளில் 100-க்கு 70 இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருகின்றன. அவற்றைத் தடுக்கும் ஊசியை 9 வயதிலிருந்து 14 வயதுக்குள், வைரஸ் உடம்பைத் தொடுவதற்கு முன்பே போட வேண்டும். புனேயில் தயாராகும் இந்தியத் தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடுவோம் என்று தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. ஊசி வரும். பள்ளியிலிருந்து கையெழுத்துக் கேட்டுத் தாளும் வரும். அப்போது "பிள்ளை பிறக்காதாம்", "ஆந்திராவில் பெண்கள் செத்துப்போனார்களாம்" என்ற பேச்சும் கூடவே வரும்.

ஆந்திராவில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். 2009-இல் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு ஒரு செயல்விளக்கத் திட்டத்தில் இந்த ஊசியைப் போட்டார்கள். பல இடங்களில் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களிடமே கையெழுத்து வாங்கினார்கள். அது பெருந்தவறு. சில சிறுமிகள் இறந்தார்கள். 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில் அந்த மரணங்களுக்கு ஊசி காரணம் இல்லை என்று தெரிந்தது. நீரில் மூழ்கி இறந்தவரும் அதில் இருந்தார். ஆனால் கேட்காமல் போட்டதால் உண்டான அவநம்பிக்கை பதினைந்து ஆண்டாக நம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறது. ஆகவே கேள்வி கேளுங்கள். தாளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பதில் கிடைத்ததும் கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளை பிறக்காது என்பது பொய். ஊசியில் வைரஸே கிடையாது. வைரஸின் மேலுறையைப் போன்ற புரதம் மட்டும்தான் இருக்கிறது. சிக்கிம் மாநிலம் 2018-இல் ஒரே மூச்சில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளில் 100-க்கு 95 பேருக்கு மேல் போட்டு முடித்தது. ஸ்காட்லாந்தில் 2008-இல் தொடங்கினார்கள். 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் எழுதினார்கள். போலியோ சொட்டு மருந்தின்போதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் வந்தபோது கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. இன்று நம் தெருவில் புதிதாகக் கால் சூம்பிய குழந்தை ஒன்றைக் காட்ட முடியுமா?

ஊசிக்கான வயதைத் தாண்டிய நமக்குப் பரிசோதனைதான் காவல். 30 வயது தாண்டிய பெண்கள் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை செய்துகொள்ள வேண்டும். 2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இரண்டு பேர். வங்காளத்திலிருந்து நோயாளிகள் இரண்டு நாள் ரயிலேறி வந்து, வேலூரில் வைத்தியம் பார்க்கக் காட்பாடியில் இறங்குகிறார்கள். வேலூர் ஆஸ்பத்திரித் தெருவில் கடைப் பலகைகளெல்லாம் வங்காள மொழியில் இருக்கின்றன. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் நாம் முற்றிய பிறகு போகிறோம்.

என்ன செய்வார்கள் என்று தெரியாததால்தான் பலர் வருவதில்லை. சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் திரை மறைத்த அறை. உள்ளே பெண் டாக்டரோ செவிலியரோ இருப்பார். கால்களை மடக்கிப் படுக்கச் சொல்வார். ஒரு கருவியை மெதுவாக வைத்து, ஊறுகாய் வினிகரைப் போன்ற புளித்த வாடையுள்ள திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். மாறத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். கத்தி இல்லை, தையல் இல்லை. லேசாக எரியலாம். புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்தே வீட்டுக்குப் போகலாம். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் புற்றுநோயாக இராது. புற்றாவதற்குப் பல ஆண்டுக்கு முந்தைய நிலையாக இருக்கும். குளிர்வித்தோ சூடு வைத்தோ அந்த இடத்தை மட்டும் அகற்றிவிடுவார்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் இதைச் செய்து பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் வந்த மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. நம்மைப் போன்ற கூலிப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு அது.

திண்ணையில் படுத்திருந்த அந்த அம்மாளுக்குத் தூரம் (மாதவிலக்கு) நின்று ஆறு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. பழைய புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எட்டு மாதம் பீடி சுற்றியிருக்கிறார். கேட்டதற்கு, "ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயிரம் பீடி போய்விடும்" என்றார். வெட்கம் பாதி, கூலி பாதி. தூரம் நின்ற பிறகு உதிரம், கணவரோடு சேர்ந்த பின் உதிரம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் எது இருந்தாலும் ஐந்து ஆண்டுக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்த வாரமே போக வேண்டும்.

கூலிப் பிரச்சினையை உங்களால் தீர்க்க முடியும் என்பதால்தான் மற்ற யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, பெண்கள் பத்து ரூபாய் சேர்த்து என்ன கிழிக்கப்போகிறார்கள் என்றவர்கள் உண்டு. இன்று மாட்டுக்குக் கடன், கல்லூரிக்குக் கடன், எல்லாம் உங்கள் நோட்டில் இருக்கிறது. அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குழுவில் 30 வயது தாண்டியவர்களில் யார் யார் பரிசோதனை செய்துகொண்டார்கள், எப்போது என்று எழுதுங்கள். செய்யாதவர்கள் ஒரே நாளில் ஒரே ஷேர் ஆட்டோவில் சேர்ந்து போகட்டும். அன்றைய கூலியைக் குழு நிதியிலிருந்து கொடுக்க ஒரு தீர்மானம் போடுங்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முறத்தையும் தறியையும் தீப்பெட்டிக் கட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தானே போகிறோம்? ஐந்து வருடத்தில் இன்னொரு நாள் கேட்கிறேன். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பரிசோதனை அறைக்குத் திரையும் விளக்கும் இல்லையென்றால், பெண் பணியாளர் வருவதில்லையென்றால், அங்கே எழுந்து கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காராதீர்கள்.

அன்று நான் கிளம்புவதற்கு முன் அந்த மருமகளை உட்கார வைத்து, மேலே எழுதியதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய்த் தட்டையும் சொம்பையும் டம்ளரையும் எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அடுக்கில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, "நான் எப்போது பரிசோதனைக்குப் போக வேண்டும்?" என்று கேட்டாள். அவளுக்கு 31 வயது. அடுத்த புதன்கிழமை அழைத்துப் போனேன்.

உங்கள் குழுவுக்கும் அந்த அரை மணி நேரத்தைத் தர நான் தயார். கூட்டம் எந்த நாள், எத்தனை மணி என்று உங்கள் ஊர்ச் செவிலியரிடம் சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறேன். நாற்காலியும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். நீங்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்கலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
குடியாத்தம் வட்டம்.